கல் நாயின் இடது பின்னங்கால்

தங்கை நாய்களுக்கு முடி வெட்டுகிறாள் என்று அண்ணன் வேலையிடத்தில் முதன்முதலாகச் சொன்னபோது, கூட வேலை செய்த கொத்தனார் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கலவைச் சட்டிக்குள் விழுந்தது.

“நாய்க்கு எதுக்குய்யா முடிவெட்டு? பொண்ணு பாக்கப் போகுதா?”

தரைக்கு டைல்ஸ் பதிப்பது அண்ணன் தொழில். ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவர். பேசி ஜெயிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அளந்து காட்டித்தான் பழக்கம். அடுத்த விடுமுறை நாளில் கொத்தனாரைக் கையோடு கூட்டிப்போய் தங்கையின் கடை வாசலில் நிறுத்தினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மேஜை மேல் ஒரு கறுப்பு நாய் நின்றுகொண்டிருந்தது. கன்றுக்குட்டி உயரம். ஏற்கெனவே இரண்டு கடைகளில் இரண்டு பேரைக் கடித்துவிட்டு வந்திருந்தது. வளர்த்தவரே நாலு அடி தள்ளித்தான் நின்றார்.

தங்கை கத்தரியைத் தொடவேயில்லை. கால்களைக் கொஞ்சம் அகட்டி நின்றாள். தோள்களைத் தளர்த்தினாள். கண்களை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் நாயின் பிடரியில் வைத்து, முதுகு, விலா, இடுப்பு, தொடை என்று மெல்ல இறக்கினாள். வலது முன்பாதத்துக்கு வந்ததும் விரல்கள் நின்றன. நாய் பல்லைக் காட்டியது. அவள் கண்ணைத் திறக்காமலே அதனிடம் ஏதோ சொன்னாள். பிறகு அந்தப் பாதத்தின் விரல் இடுக்கிலிருந்து அரிசி முனை அளவு கண்ணாடிச் சில்லு ஒன்றை எடுத்து மேஜை ஓரத்தில் வைத்தாள். கத்தரி கைக்கு வந்தபோது நாய் கொட்டாவி விட்டது.

கொத்தனார் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். “உன் தங்கச்சி கையில என்னத்தய்யா தடவிக்கிறா?”

“சோப்பு,” என்றார் அண்ணன். சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பெருமை முகத்தில் வழிவதை அந்த ஆள் பார்த்துத் தொலைத்தால் ஒரு மாதத்துக்குக் கேலி ஓயாது.

அண்ணனுக்கு வேலையிடத்தில் பெயர் ‘ரசமட்டம்’. தரை சமமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவியின் பெயரையே அவருக்கு வைத்துவிட்டார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் கோப்பையில் தேநீர் நிற்பதைப் பார்த்தே மேஜை எந்தப் பக்கம் சாய்கிறது என்று சொல்லிவிடுவார். சொல்லாமல் இருக்கவும் மாட்டார். அதனாலேயே பல வீடுகளில் அவருக்கு இரண்டாவது கோப்பை கிடைத்ததில்லை.

தங்கைக்கு வீட்டில் பெயர் ‘குட்டி’. அண்ணனைவிடப் பதினாறு வயது இளையவள். அந்தப் பெரிய நகரத்தில், பதினோராவது மாடியில், இரண்டு அறை வீட்டில் அண்ணன், அண்ணி, குட்டி மூன்று பேரும் ‘மூட்டை’யும் இருந்தார்கள். மூட்டை ஒரு நாய். “ரெண்டே ரெண்டு நாள் பாத்துக்கோங்க” என்று ஒரு வாடிக்கையாளர் விட்டுப்போய் நான்கு வருடம் ஆகிறது. உட்கார்ந்தால் எது தலை எது வால் என்று தெரியாது. அண்ணி அதைத் திட்டாத நாள் கிடையாது. அதற்கு எடுத்துவைக்காமல் தான் சாப்பிட்ட நாளும் கிடையாது.

அந்தக் கட்டடத்தில் மனிதர்களுக்குச் சமமாக மற்ற உயிர்களும் குடியிருந்தன. எட்டாம் மாடிப் பூனை ஒன்று தன்னந்தனியாக லிஃப்டில் ஏறி இறங்கும்; யாராவது பொத்தானை அழுத்தும்வரை மூலையில் காத்திருக்கும். நாலாம் மாடி இசை ஆசிரியையின் கிளி, லிஃப்ட் வந்து நிற்கும் மணியோசையை அச்சு அசலாக எழுப்பி, ஓடி வருகிறவர்களை ஏமாற்றும். குட்டி லிஃப்டில் ஏறினால் மனிதர்களுக்குத் தலையசைப்பு. மற்றவர்களுக்கு நின்று நிதானமாக நலம் விசாரிப்பு.

“உங்க தங்கச்சிக்கு இந்தக் கட்டடத்துல எல்லா நாய் பேரும் தெரியும். எதிர்வீட்டுக்காரர் பேரு கேளுங்க, முழிப்பா,” என்பாள் அண்ணி.

“எதிர்வீட்டுக்காரருக்கு எங்க முடி வளருது அண்ணி, நான் தெரிஞ்சுக்க?” என்பாள் குட்டி.

ஓய்வு பெற்ற பல் மருத்துவர் ஒருவர் தன் நாயைக் குளிப்பாட்டக் கொண்டுவந்தபோது, முன்னங்காலின் அடியில், அக்குளில், பட்டாணி அளவு ஒரு முடிச்சு குட்டியின் விரலில் தட்டுப்பட்டது. கால்நடை மருத்துவர் அதை வெட்டி எடுத்துவிட்டு, இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் கை மீறியிருக்கும் என்றாராம். நன்றிக்கு அந்தப் பல் மருத்துவர் கொடுத்தது நகரத்தின் பெரிய கலைக்கூடத்துக்கான உறுப்பினர் அட்டை. வாசலில் நீட்டினால் போதும். எப்போது வேண்டுமானாலும் போகலாம், கூட ஒருவரை அழைத்துப்போகலாம். வருடா வருடம் அவரே புதுப்பித்தும் கொடுத்தார்.

வீட்டில் அவள் அதைச் சொல்லவில்லை. புதன்கிழமை அவளுக்கு விடுமுறை. அந்த நாள் வந்தால் தலை வாரி, நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு கிளம்பிவிடுவாள். எங்கே என்று கேட்டால் “சும்மா” என்பாள். அண்ணனுக்கு அந்தச் ‘சும்மா’ தொண்டையில் முள்ளாகச் சிக்கியது.

“யாரோ ஒருத்தன் இருக்கான்,” என்றார்.

“இருந்தா இருக்கட்டுமே. இருபத்தெட்டு வயசாச்சு. நீங்க அவனைப் போய் ரசமட்டம் வச்சுப் பாக்காம இருந்தா சரி,” என்றாள் அண்ணி.

ஒரு புதன்கிழமை வேலையிலிருந்து பாதியில் கிளம்பி, அவளைப் பின்தொடர்ந்தே விட்டார். அவள் போன பேருந்திலேயே பின்வாசல் வழியாக ஏறி, அவள் இறங்கிய இடத்தில் இறங்கி, நுழைவுச்சீட்டு வாங்கி, கலைக்கூடத்தின் தூண் தூணாக மறைந்து நின்று பார்த்தார். ஆள் யாரும் வரவில்லை. சுவர் முழுக்க விரிந்த ஓவியம் ஒன்றின் முன்னால் அவள் நின்றாள். ஓவியத்தில் நாற்பது பேர் உட்கார்ந்து விருந்து சாப்பிடுகிறார்கள். அவள் பார்த்தது மேஜைக்கு அடியில் படுத்திருந்த சின்ன நாயை. ஒரு மணி நேரம் பார்த்தாள்.

பிறகு ஓரக்கண்ணால் தரையைப் பார்த்துவிட்டு, திரும்பாமலே, “அண்ணா, கால் வலிக்கலையா? இங்க வந்து உக்காருங்க,” என்றாள்.

“எப்படித் தெரியும்?”

“பின்னாடி பாருங்க.”

பார்த்தார். வாசலிலிருந்து தூண் தூணாக வளைந்து வளைந்து, அவர் நிற்கும் இடம் வரைக்கும், கறுப்புத் தரையில் வெள்ளை வெள்ளையாகச் சிமெண்டுப் பூட்ஸ் தடம். பின்னால் ஒரு பெண் துடைப்பத்தோடு அவரையே முறைத்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து, வேலை இடைவெளி கிடைக்கும் புதன்கிழமைகளில் அவரும் போனார், பூட்ஸைக் கழற்றி வேறு செருப்பு போட்டுக்கொண்டு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விலங்கு என்பது குட்டியின் கணக்கு. போர்க்களத்து ஓவியமென்றால் குதிரை, பழக்கூடை ஓவியமென்றால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பூனை. “மனுஷங்க மூஞ்சியை எப்படி வேணா வச்சுக்கலாம் அண்ணா. வாலை அப்படி வச்சுக்க முடியாது,” என்பாள். அண்ணன் தலையாட்டுவார். உண்மையில் அவர் பார்த்ததெல்லாம் தரைதான். அப்படி ஒரு தரையை அவர் வாழ்நாளில் பதித்ததில்லை. ஆயிரக்கணக்கான பலகைக் கற்கள், ஒரு முடி நுழையாத இணைப்பு. நூறு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் முட்டி தேய இங்கே தவழ்ந்திருக்கிறான் என்று நினைத்தால் அவருக்குக் குனிந்து அந்த இணைப்பைத் தடவிப் பார்க்கத் தோன்றும். தங்கையிடம் சொல்ல வெட்கம். ஊரே மேலே பார்க்கிற இடத்தில் கீழே பார்க்கிறவனை என்னவென்பது!

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்தப் புதன்கிழமை வந்தது.

கலைக்கூடத்தின் கிடங்கில் பல காலம் மூடிக்கிடந்த சிலைகளுக்காகப் புது மண்டபம் ஒன்றைத் திறந்திருந்தார்கள். நடுவில், முழங்கால் உயரப் பீடத்தின் மேல், சாம்பல் நிறக் கல்லில் ஒரு நாய் உட்கார்ந்திருந்தது. நிஜ நாயின் அளவு. சுற்றிலும் ஒரு கயிறு. பக்கத்தில் ஒரு பலகை: ‘காவல் நாய். செதுக்கியவர் பெயர் தெரியவில்லை. விழிப்புடன் வாசலைக் கண்காணிக்கிறது. இடது தொடையில் சேதம்.’

அண்ணன் வழக்கம்போலக் குனிந்தார். மண்டபம் புதிது, தரையும் புதிது. பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் மற்றதைவிட அரை நூல், ஒரு காசின் கனம், உயர்ந்து நின்றது. செருப்பு முனையால் தடவிப் பார்த்தார். அரை நூலேதான். இந்த இடத்தில் இப்படி ஒரு வேலையா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. அதைச் சொல்லத் தலையை நிமிர்த்தினார்.

குட்டி கால்களை அகட்டி நின்றிருந்தாள். தோள்கள் தளர்ந்திருந்தன. கண்கள் மூடியிருந்தன.

அந்த நிலையை அவர் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். அதனால்தான் அவருக்கு உறைக்கவில்லை. மேஜைமுன் அவள் அப்படி நின்றால் அடுத்து என்ன நடக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். அது நடக்கக்கூடாத இடத்தில் நடக்கப்போகிறது என்பதுதான் தோன்றவில்லை. அவள் கயிற்றுக்கு மேலே குனிந்து, இரண்டு கைகளையும் கல் நாயின் பிடரியில் வைத்தாள். முதுகு, விலா, இடுப்பு. இடது தொடைக்கு வந்ததும் விரல்கள் நின்றன.

மணி அலறியது. மண்டபத்தின் மூலையிலிருந்து காவலாளி கத்திக்கொண்டே ஓடிவந்தார். “ஏம்மா! கையை எடு! கையை எடுங்கிறேன்ல!”

குட்டி கண்ணைத் திறக்கவில்லை. தணிந்த குரலில், கடையில் சொல்வதைப் போலவே சொன்னாள்: “கத்தாதீங்க. பயந்துடும்.”

காவலாளி அப்படியே நின்றுவிட்டார். அவருடைய பணிக்காலத்தில் அப்படி ஒரு பதிலைக் கேட்டிருக்கமாட்டார். அப்புறம்தான் குட்டி கண்ணைத் திறந்தாள். தன் கை இருந்த இடத்தைப் பார்த்தாள். மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

இருவரையும் பின்பக்கத்து அலுவலக அறைக்குக் கூட்டிப்போனார்கள். பொறுப்பு அதிகாரி அதட்டவில்லை, மிரட்டவில்லை. பல் வலியோடு வேலைக்கு வந்தவர் போலச் சோர்வாக இருந்தார். ஒரு படிவத்தை எடுத்துப்போட்டார்.

“இதுல ரெண்டு கட்டம் இருக்கு பாருங்க. ‘தவறுதலாக’, ‘தெரிந்தே’. தவறுதலான்னா ஒரு எச்சரிக்கை, வீட்டுக்குப் போகலாம். தெரிஞ்சேன்னா ஒரு வருஷத்துக்கு உள்ள வரமுடியாது. அட்டை ரத்து, வாசல்ல பேர் எழுதி வச்சிருப்பாங்க. அதுக்குக் கீழ காரணம் எழுதணும்.” பேனாவை வைத்தார். “பெரும்பாலும் எல்லாரும் தடுக்கி விழுந்தோம்னுதான் சொல்லுவாங்க.”

அந்த மனிதர் தப்பித்துப்போக ஒரு கதவைத் திறந்தே வைத்திருந்தார். அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. புதன்கிழமை இல்லாவிட்டால் தங்கை என்ன ஆவாள் என்று நினைத்துப் பார்த்தார். ஆறு நாள் ஈரமும் முடியும் குரைப்பும். ஏழாவது நாள் இந்தப் பெரிய அறைகளில் ஒரே ஒரு குதிரை. அந்த ஒன்றுக்காகத்தான் ஆறும் நடக்கிறது என்பது பூட்ஸ் தடம் பதித்த அன்றைக்கே அவருக்குத் தெரியும். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவருக்குப் பொய் தானாக வந்து நாக்கில் உட்கார்ந்தது. பொய்கூட அல்ல; பாதி நிஜம்.

“சார், அந்தப் பீடத்துப் பக்கத்துல ஒரு கல்லு அரை நூல் தூக்கியிருக்கு. நான் டைல்ஸ் போடுறவன், முப்பது வருஷமா. நீங்களே வந்து ரசமட்டம் வச்சுப் பாருங்க. அதுல கால் தடுக்கித்தான்...”

“இல்ல அண்ணா,” என்றாள் குட்டி.

“நீ சும்மா இரு.”

“கல்லு தூக்கியிருந்தா இருக்கட்டும். நான் தடுக்கலையே.” அதிகாரியிடம் திரும்பினாள். “அதுக்கு இடது பின்னங்கால்ல வலி சார். உக்காந்திருக்கிறதைப் பாத்தாலே தெரிஞ்சுது. எங்க வலின்னு பாக்கணும்னு தோணுச்சு. கல்லுங்கிறது அந்த நேரத்துல ஞாபகம் இல்ல. தப்புதான். ஆனா தடுக்கல.”

‘கடவுளே, இவளை இப்படி வளர்த்தது நான்தானே’ என்று அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். அளவைக் கூட்டியோ குறைத்தோ சொன்னால் அவள் சின்ன வயதில் அவரே குட்டு வைத்திருக்கிறார்.

“எதுல வலின்னு சொன்னீங்க?”

குரல் வாசலிலிருந்து வந்தது. சாம்பல் அங்கி அணிந்த ஒரு பெண்மணி. தலை பாதி நரைத்திருந்தது. நெற்றி மேல் உருப்பெருக்கிக் கண்ணாடி ஏற்றியிருந்தாள். சிலைகளைப் பழுது பார்க்கிறவள். கல்லுக்குக் கீறல் விழுந்ததா என்று பார்த்துச் சொல்ல வந்தவள்.

“இடது பின்னங்கால்ல,” என்றாள் குட்டி.

“அந்தத் தொடையில இருக்கிற பள்ளத்தைச் சொல்றீங்களா? அது உடைஞ்ச இடம். வர்ற திங்கட்கிழமை அதை நிரப்பி, வலது பக்கம் மாதிரியே சரி பண்ணப்போறேன். எல்லாம் தயார்.”

குட்டி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். தன் அட்டைக்குப் பதறாதவள் இதற்குப் பதறினாள். “ஐயோ, நிரப்பிடாதீங்கம்மா! அது உடைஞ்சது இல்ல. அது சதை வத்திப்போன இடம்.”

பழுதுக்காரி அவளையே பார்த்தாள். பிறகு அதிகாரியைப் பார்த்தாள். “அஞ்சு நிமிஷம்,” என்றாள்.

கயிற்றைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள். காவலாளி, மற்றவர்கள் உள்ளே வராமல் வாசலை அடைத்து நின்றார்; பார்வை முழுக்க உள்ளேதான். குட்டி இந்தத் தடவை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“உக்காந்திருக்கிற விதத்தைப் பாருங்க. எடை முழுக்க வலது பக்கம். அதனால வலது தொடை புடைச்சிருக்கு. முன்னாடி மார்பும் தோளும் பருத்திருக்கு பாருங்க, இழுத்து இழுத்து நடந்த நாய் இது. இடது கால் ஊன்றதே இல்ல. ரெண்டு மூணு வருஷமாவே ஊனல. அதான் வத்திப்போச்சு.” கொஞ்சம் யோசித்தாள். “என்னை நம்பவேணாம். நகத்தைப் பாருங்க.”

“நகமா?”

“நடக்குற நாய்க்கு நகம் தரையில தேயும். ஊனாத காலுக்குத் தேயாது. வளைஞ்சு வளந்துடும். எங்க கடைக்கு வந்தா முதல்ல அதைத்தான் வெட்டுவோம்.”

பழுதுக்காரி உருப்பெருக்கியைக் கண்ணுக்கு இறக்கிக்கொண்டு தரையோடு தரையாகக் குனிந்தாள். வலது பின்பாதத்தில் நான்கு நகங்களும் குட்டை. முனை மழுங்கல். இடது பாதத்தில் நான்கும் நீளம். கொக்கி போல வளைந்து, ஒன்று சதையைத் தொடும் அளவுக்கு.

அவள் நிமிர வெகு நேரம் ஆனது. “வலது பக்கத்து நகம் உடைஞ்சுபோச்சுன்னு நான் குறிப்பு எழுதி வச்சிருக்கேன்,” என்றாள், தனக்குத்தானே.

கையில் இருந்த சிறிய விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் தொடைப் பள்ளத்தில் ஒளியைப் பாய்ச்சினாள். அங்கே மேல் தோல் கொஞ்சம் அரித்திருந்தது. அதனால் எதுவும் சட்டென்று தெரியவில்லை. “ஆனா இந்தப் பள்ளம்... மழையில கரைஞ்சு, எங்கயாவது இடிபட்டு, எப்படி வேணா ஆகியிருக்கலாமே.”

ஒளி சாய்வாக விழுந்ததும் அண்ணன் தன்னை அறியாமல் ஓரடி முன்னே வந்தார்.

“அம்மா, நான் சொல்லலாமா? உடைஞ்ச கல்லுக்கு முகம் வேற. எங்க உடைஞ்சாலும் மணி மணியா நிக்கும், கையைக் கிழிக்கும். தெனம் பாக்குறேன். இது உடைஞ்சது இல்ல. உளி போட்டு எடுத்து, அப்புறம் தேய்ச்சிருக்காங்க. அந்த ஓரத்துல பாருங்க, கோடு கோடா. மேல தோள்ல இருக்கிற கோடும் இதே அகலம்தான். ஒரே உளி.”

பழுதுக்காரி விளக்கைத் தோளுக்குக் கொண்டுபோனாள். தொடைக்குக் கொண்டுவந்தாள். மறுபடி தோளுக்கு. பையிலிருந்து சின்ன அளவுகோல் ஒன்றை எடுத்து இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தாள்.

“ஒரே உளி,” என்றாள்.

பிறகு அவள் செய்தது யாரும் எதிர்பார்க்காதது. “கையைக் கழுவிட்டு வாங்க, ரெண்டு பேரும்,” என்றாள். அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். “என் பொறுப்பு,” என்றாள் அவரிடம்.

அண்ணன் வலது கைக் கட்டைவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்தார். முப்பது வருடமாகக் கல்லையே தொட்டுப் பழகிய விரல். கல் குளிர்ந்திருந்தது. விரல் மெல்ல உள்ளே இறங்கி, ஓர் எலும்பின் மேட்டில் ஏறி, மறுபடி இறங்கியது. தோலுக்கு அடியில் எலும்பு! கல்லில், தோலும் அதற்கு அடியில் எலும்பும். பதினோராவது மாடியில், மூட்டையின் இடுப்பில் கை வைத்தால் இப்படித்தான் இருக்கும்.

கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம் என்று எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பார், அவரே சொல்லியிருப்பார். இப்போது அவர் விரலுக்கடியில் இரண்டும் ஒருசேர இருந்தன. யாரோ ஒருவன், பெயர்கூட விட்டுப்போகாதவன், தன் நொண்டி நாயைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதன் தொடையைக் கண்ணை மூடித் தடவிப் பார்த்திருக்கிறான். எத்தனை உள்வாங்கியிருக்கிறது என்று அளந்திருக்கிறான். உடனே எழுந்து போய்க் கல்லில் அதே அளவு எடுத்திருக்கிறான். மறுபடி வந்து தடவியிருக்கிறான். நகத்தைக்கூட விடவில்லை. அழகாக, கம்பீரமாகச் செதுக்க அவனுக்குத் தெரியாதா? தோளையும் மார்பையும் பார்த்தால் தெரியுமே. வேண்டாம் என்று விட்டிருக்கிறான். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அதை இத்தனை காலம் எல்லோரும் சேதம் என்று நினைத்தார்கள். இவள் வந்து, கண்ணை மூடி, கை வைத்தாள்.

அண்ணன் தங்கையைப் பார்த்தார். தொட்டிலில் கிடந்தபோது அவர் ஒரு விரலை நீட்டினால் முழுக் கையாலும் பிடித்துக்கொண்ட கை அது. இப்போது அந்தக் கை கல் நாயின் காதுக்குப் பின்னால் இருந்தது.

“காவலும் இல்ல ஒன்னும் இல்ல,” என்றாள் குட்டி, பாதி நாயிடமும் பாதி மற்றவர்களிடமும். “காதைப் பாருங்க. திருடனைக் கேக்குற காது முன்னாடி நிமிரும். இது பின்னாடி மடிஞ்சு இருக்கு. வேண்டியவங்க வர்றாங்க. எழுந்து ஓட முடியல. அதான் உக்காந்த இடத்துல இருந்தே...”

முடிக்கவில்லை. காவலாளி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அலுவலக அறைக்குத் திரும்பியபோது படிவம் அதே இடத்தில் கிடந்தது. அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். “பாருங்கம்மா, நீங்க சொன்னது சரியாவே இருக்கட்டும். நாளைக்கு நூறு பேர் வந்து, ‘வலிக்குதான்னு பாத்தேன்’னு சொன்னா நான் என்ன பண்றது? இப்பவும் ஒன்னும் கெட்டுப்போகல. தவறுதலான்னு போட்டுட்டுப் போங்களேன்.”

குட்டியின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். அண்ணனுடையது அப்படியல்ல, ஏழு வகுப்புதான் என்றாலும் ஒவ்வொரு எழுத்தும் பதித்த கல் மாதிரி நிற்கும். அதனால் வீட்டில் எந்தப் படிவம் வந்தாலும் அவர்தான் நிரப்புவார். இதையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தங்கையைப் பார்த்தார்.

‘தெரிந்தே’ என்ற கட்டத்தில் கோடு வெளியே போகாமல் குறியிட்டார். காரணம் என்ற இடத்தில், அவசரப்படாமல், ஒரே உயரத்தில் எழுதினார்: ‘நாய்க்கு இடது பின்னங்காலில் வலி.’

அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். சிரிப்பார் என்று அண்ணன் நினைத்தார். சிரிக்கவில்லை. முத்திரை குத்தி, தேதியிட்டு, கையை நீட்டினார். குட்டி பையிலிருந்து அட்டையை எடுத்து, ஓரத்தில் ஒட்டியிருந்த மூட்டையின் முடி ஒன்றை ஊதித் தள்ளிவிட்டுக் கொடுத்தாள்.

“ஒரு வருஷம்,” என்றார் அதிகாரி.

“சரி சார்.”

கண் கலங்கத்தான் செய்தது. துடைத்துக்கொண்டாள். அண்ணன் அவள் தோளில் கைவைத்து வெளியே நடத்திவந்தார். தாழ்வாரத்தில் பழுதுக்காரி காத்துக்கொண்டிருந்தாள்.

“அந்த அட்டை மண்டபத்துக்குத்தான்,” என்றாள், சுற்றி வளைக்காமல். “என் பட்டறைக்கு வாசல் பின்பக்கம். அங்க வர்றவங்க பேரை நான்தான் எழுதுவேன்.”

குட்டிக்குப் புரியவில்லை. அண்ணனுக்கும்தான்.

“கிடங்குல இன்னும் பத்தொன்பது இருக்கு. ஆடு, குதிரை, ரெண்டு கழுதை. ஒரு பூனையை அடுத்த மாசம் வெளிய எடுக்கப்போறோம். ‘உறங்கும் பூனை’ன்னு எழுதியிருக்கு.” உருப்பெருக்கியை நெற்றியிலிருந்து எடுத்துத் துடைத்தாள். “இன்னைக்குக் காலையில வரைக்கும் நானும் அது தூங்குதுன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.”

குட்டி நின்றாள். ஈரம் காயாத கண்ணோடு, கடை மேஜையில் புதிதாக ஏறிய ஒன்றைப் பற்றி விசாரிப்பது போலவே கேட்டாள்:

“முன்னங்கால் ரெண்டும் உள்ள மடிஞ்சிருக்கா, வெளிய நீட்டியிருக்கா?”

“உள்ள மடிஞ்சிருக்கு.”

“மீசை?”

பழுதுக்காரி கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினாள். “மீசையை நான் பாக்கலையே,” என்றாள்.

“பாத்துடலாம்மா,” என்றாள் குட்டி.